பொருள் போன பின்னும் நிற்கும் சொற்கள்



மாலை மங்கும் வேளைக்குத் தமிழர் வீடுகளில் 'விளக்கு வைக்கிற நேரம்' என்று பெயர். விளக்கு வைக்கிற நேரத்தில் படுக்காதே, விளக்கு வைக்கிற நேரத்தில் கடன் கொடுக்காதே என்று பெரியவர்கள் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். பூசை மாடத்து விளக்கை விட்டுவிட்டுப் பார்த்தால், இன்று எந்த வீட்டில் விளக்கு 'வைக்கிறார்கள்'? கண்ணாடியைத் துடைத்து, எண்ணெய் ஊற்றி, திரியைத் தூண்டி, கூடத்தின் நடுவே கொண்டுவந்து வைத்த காலத்தில் பிறந்த சொல் அது. இப்போது சுவரில் உள்ள விசையைத் தட்டுகிறோம், கூடம் வெளிச்சமாகிறது. ஆயினும் நேரத்தின் பெயர் மாறவில்லை.

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், திரிங்காப்புக்கும் கம்போங் ராஜாவுக்கும் இடையே கோலா தெர்லா என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1960களில் கேமரன் மலை நீர்மின் திட்டம் நிறைவேறியபோது, தெலோம் ஆற்றின் நீரை மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகப் பெர்த்தாம் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குத் திருப்பினார்கள். அந்தத் திட்டத்தின் சிறு மின்நிலையங்களுள் ஒன்று கோலா தெர்லாவில் உள்ளது. ஆற்றுநீரே மின்சாரமாகும் அந்த ஊரில்கூடத் தமிழர் வீட்டில் அந்திநேரம் விளக்கு வைக்கிற நேரந்தான்.

பண்டம் மறைந்துவிடுகிறது, பழக்கம் மறைந்துவிடுகிறது, அவற்றைச் சொல்லப் பிறந்த சொல் மட்டும் நின்றுவிடுகிறது. இது ஏன் நிகழ்கிறது? இத்தகைய சொற்களிலிருந்து நாம் எதைத் தெரிந்துகொள்ளலாம்? கோலா தெர்லாவையும் அதைச் சுற்றியுள்ள தேயிலை மலைகளையும் துணையாகக் கொண்டு இன்று அதனைக் காண்போம்.

முதலில் ஊரைப் பற்றிச் சில செய்திகள். 'கோலா' என்பது ஆறு கூடும் இடத்தை, அல்லது ஆற்றின் முகத்தைக் குறிக்கும் மலாய்ச் சொல். தெர்லா என்னும் சிற்றாறு தெலோம் ஆற்றோடு கலப்பதால் கோலா தெர்லா ஆயிற்று. கோலாலம்பூரின் 'கோலா'வும் இதுவே. மலைக்குப் பெயர் தந்த வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் 1885ஆம் ஆண்டில் இப்பகுதிக்கு வந்தார். ஆனால் மலைமேல் குடியேற்றம் நடக்க மேலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. பேரா மாநிலத்துத் தாப்பாவிலிருந்து சாலை போடும் வேலை 1920களின் பிற்பகுதியில்தான் நடந்தது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் வேறு தோட்டங்களும் எழுந்தன. காடு வெட்டவும், செடி நடவும், கொழுந்து எடுக்கவும் வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்.

இந்த 1929 என்னும் ஆண்டை நாம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் இம்மலையில் வழங்கும் தோட்டச் சொற்கள் பல, இம்மலைத் தோட்டங்களைக் காட்டிலும் மூத்தவை. அவை கீழ்நாட்டு ரப்பர்த் தோட்டங்களிலும், இலங்கையின் தேயிலை மலைகளிலும், தமிழ்நாட்டு ஊர்களிலும் பிறந்து வளர்ந்து, மக்களோடு சேர்ந்து மலை ஏறியவை.

கடைத்தெருவிலிருந்தே தொடங்குவோம். மலேசியத் தமிழர் பணத்தை எண்ணும்போது என்ன சொல்கிறார்கள்? 'ஐந்து வெள்ளி', 'பத்து வெள்ளி' என்கிறார்கள். கையில் இருப்பதோ தாள். ஒரு காலத்தில் அது உண்மையாகவே வெள்ளி நாணயம். ஸ்பானிய வெள்ளி டாலரும் மெக்சிக வெள்ளி டாலரும் இந்தக் கடல்களில் புழங்கின. 1903இல் நீரிணைக் குடியேற்ற அரசு தனக்கெனச் சொந்த வெள்ளி டாலரை வெளியிட்டது. பின்னர்த் தாள் அதன் இடத்தைப் பிடித்தது. நாட்டு நாணயத்துக்கு 1975இல் ரிங்கிட் என்னும் பெயர் அதிகாரப்பூர்வமாயிற்று. வெள்ளி கலவாத ஒரு ரிங்கிட் நாணயம் ஒன்றும் சில காலம் புழங்கியது. அதுவும் 2005 இறுதியில் செல்லாததாயிற்று. இத்தனைக்குப் பிறகும் தமிழரின் நாவில் வெள்ளி அப்படியே இருக்கிறது.

இதில் தமிழர் தனித்து நிற்கவில்லை. ரிங்கிட் என்ற மலாய்ச் சொல்லுக்கே விளிம்பில் பல் பல்லாக வெட்டப்பட்டது என்பது பொருள். பழைய ஸ்பானிய வெள்ளி நாணயத்தின் விளிம்பைத் தடவிப் பார்த்து வைத்த பெயர் அது. இன்றைய தாளுக்கு ஏது பல் விளிம்பு? பிரெஞ்சுக்காரர் பணத்தைக் குறிக்க வழங்கும் சொல்லும் வெள்ளி என்னும் உலோகத்தின் பெயரே. ஆங்கிலேயரின் பவுண்டு, ஒரு பவுண்டு எடை வெள்ளி என்ற கணக்கில் எழுந்தது. அந்தப் பவுண்டின் தங்க நாணயத்தைத்தான் நாம் 'பவுன்' என்றோம். அந்த நாணயத்தை நகைக்கடையில் யாரும் நீட்டுவதில்லை. ஆனாலும் தாலிக்கொடிக்கு எத்தனை பவுன் என்றுதான் இன்றும் கேட்கிறோம். ஏறக்குறைய எட்டுக் கிராம் எடையுள்ள அந்த நாணயம், எடையின் பெயராக வாழ்கிறது.

இன்னொரு சொல் நம்மை வியக்க வைக்கும். பணத்தைத் தமிழர் பேச்சு வழக்கில் 'துட்டு' என்பதுண்டு. மலாய்க்காரர் 'டுவிட்' என்கின்றனர். கடை வாசலில் இரண்டு சொற்களும் அருகருகே ஒலிக்கும்போது, ஒன்றிலிருந்து மற்றொன்று வந்ததோ என்று தோன்றும். இரண்டுக்கும் தாய் வேறு: ஒல்லாந்தரின் சிறு செப்புக் காசு. ஒல்லாந்தர் 1641இல் மலாக்காவைக் கைப்பற்றினர். 1658இல் நாகப்பட்டினத்தைக் கைப்பற்றினர். வங்கக் கடலின் இரு கரைகளிலும் அவர்களுடைய காசு புழங்கியது. இரு மொழிகளிலும் சொல்லாயிற்று. அவர்களது ஆட்சி போய்ப் பல தலைமுறைகள் கழிந்தபின், அதே நாகப்பட்டினத் துறையிலிருந்து தமிழ்த் தொழிலாளர் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார்கள். அவர்கள் மடியில் முடிந்துவந்த 'துட்டு'ம், இக்கரையில் கேட்ட 'டுவிட்'டும் பழைய உடன்பிறப்புகள் என்பதை அன்று யார் அறிந்திருப்பார்?

காசுக்கு அடுத்தபடி தொலைவும் நிறையும். மலேசியத் தமிழர் சாலைத் தொலைவைக் 'கட்டை' என்று சொல்வார்கள். சாலையோரம் மைலுக்கு ஒன்றாக நட்டிருந்த குறியே கட்டை. மலாய்க்காரர் அதைக் கல் என்னும் பொருளில் 'பத்து' என்றனர். தாப்பாவிலிருந்து மலை ஏறும் சாலையில் பத்தொன்பதாம் கட்டை என்றால் அது தொலைவு மட்டுமன்று. ஓர் இடத்தின் பெயரும் ஆகும். 1972ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்தைத் தொடர்ந்து நாடு மெட்ரிக் முறைக்கு மாறியது. மைல் போய்க் கிலோமீட்டர் வந்தது. மைற்கல்லைப் பிடுங்கியாயிற்று, கட்டை என்ற பெயரைப் பிடுங்க முடியவில்லை. காய்கறியையும் மீனையும் நிறுத்த 'கட்டி' என்னும் எடையும் அவ்வாறே. ஒரு கட்டி என்பது ஏறக்குறைய 605 கிராம். தராசு கிலோவைக் காட்டினாலும் முதியவர்கள் கட்டிக் கணக்கில்தான் விலையை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். கொழுந்தை நிறுத்த 'ராத்தல்' இன்னும் நெடும்பயணம் செய்த சொல். அரபு வணிகரின் எடைப் பெயரிலிருந்து வந்து, ஆங்கிலேயரின் பவுண்டுக்குத் தமிழ்ப் பெயராக அமைந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சொல்லைக் கேட்டவுடன் அதற்கு ஒரு கதை கட்டிவிடுதல் எளிது. பத்துமலை என்ற பெயரைக் கேட்டுப் பத்து மலைகள் அங்கே இருப்பதாக எண்ணுவோர் உண்டு. அந்தப் 'பத்து' தமிழ் எண்ணன்று. அருகே ஓடும் பத்து ஆற்றின் மலாய்ப் பெயர். கல் என்பதே அதன் பொருள். சொல்லை வைத்து வரலாறு சொல்வோர், ஆண்டையும் இடத்தையும் அண்டை மொழியையும் உடன் வைத்துப் பார்த்தல் வேண்டும்.

இதுவரை கண்டவை கேட்கச் சுவையானவை. இனிக் காணப்போகும் சொற்கள் வேறு வகை. அவற்றில் மக்களின் வியர்வை இருக்கிறது.

தோட்டத்தில் விடியுமுன் தொழிலாளர் வரிசையாக நிற்க, பெயர் கூப்பிட்டு, அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பதற்குப் 'பெரட்டு' என்று பெயர். இலங்கை மலையகத்தில் 'பிரட்டு' என்பர். இது பரேடு என்ற ஆங்கிலச் சொல்லின் தமிழ் உச்சரிப்பு. பரேடு என்பது படைவீரர் அணிவகுப்பு. கூலிக்கு வேலை செய்ய வந்த குடும்பத்தாரை, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு வந்த தாயை, படையைப் போல வரிசையில் நிறுத்திக் கணக்கெடுத்தனர் என்பதை இந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது. வரிசையில் இல்லாதவருக்கு அன்றைய பெயர் இல்லை; பெயர் இல்லையேல் கூலி இல்லை. 1920களின் இறுதியில் மலாயாவின் முக்கிய தோட்டப் பகுதிகளில் நிர்ணயித்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அந்த ஐம்பது காசுக்கும் நாற்பது காசுக்கும் வாசல் பெரட்டுக்களம். ஆட்களைக் கூட்டுவது நின்றுபோன இடங்களிலும், அந்த வெட்டவெளியைப் பெரியவர்கள் பெரட்டுக்களம் என்றே சுட்டுவார்கள்.

'கங்காணி' என்ற சொல்லின் கதை இதனினும் நீண்டது. கண்காணி என்பதே அதன் செம்மையான வடிவம். சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களை மேற்பார்ப்பதைக் கண்காணி செய்தல் என்று குறித்திருக்கிறார்கள். அந்தப் பெயரே பிற்காலத்தில், ஊருக்குச் சென்று உறவினரையும் அண்டை அயலாரையும் திரட்டித் தோட்டத்துக்குக் கொண்டுவந்து, அவர்கள்மேல் அதிகாரமும் செலுத்தியவனுக்கு வழங்கியது. அவன் கொண்டுவந்த ஆட்கள் வேலைக்கு வந்த நாட்களைக் கணக்கிட்டு அவனுக்குத் 'தலைக்காசு' கிடைத்தது. ஆளை எண்ணாமல் தலையை எண்ணிய கணக்கு அது! 1907ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்ட பின்னர், ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்கள் வைத்து ஆட்களை அனுப்பினார்கள். 1938இல் இந்திய அரசு, உதவி பெற்றுச் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தை மலாயாவுக்குத் தடை செய்தது. அதோடு ஆள் திரட்டும் கங்காணியின் காலம் முடிந்தது. கேமரன் மலைத் தோட்டங்களோ அப்போது பத்து வயதுகூட நிரம்பாதவை. ஆனால் கங்காணி என்ற பெயர், வேலையை மேற்பார்ப்பவருக்கு உரியதாகிப் பின்னும் வாழ்ந்தது. இன்று கடைகளில் பொருத்தும் ஒளிப்படக் கருவியைக் கண்காணிப்புக் கருவி என்கிறோமே, அதன் வேரும் இதுவே. கோயிலில் தொடங்கிய கண், தோட்டத்தில் திரிந்து, இப்போது கூரை மூலையில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

'துரை' என்பதும் அத்தகையதே. தலைவனை, சிற்றரசனைக் குறித்த அந்தச் சொல் வெள்ளைக்காரருக்குரியதாயிற்று; அரசாங்கத்தையே துரைத்தனம் என்றனர். தோட்டத்தில் பெரிய துரை, சின்னத் துரை என்று அது படிநிலையாயிற்று. 1957இல் நாடு விடுதலை பெற்றது. நாளடைவில் வெள்ளை நிர்வாகிகள் போய் உள்நாட்டவர் வந்தனர். நாற்காலியில் அமர்ந்தவர் மாறினார். துரை என்ற விளி உடனே மாறிவிடவில்லை.

எல்லாவற்றினும் நம்மை நின்று எண்ணச் செய்யும் சொல் 'சஞ்சிக்கூலி'. வாக்குறுதி, உடன்பாடு என்று பொருள்படும் மலாய்ச் சொல்லான 'ஜாஞ்சி'யிலிருந்து இது வந்ததாகச் சொல்வர். பினாங்குக்கு எதிர்க்கரையில் இருந்த கரும்புத் தோட்டங்கள் முதலியவற்றுக்கு ஒப்பந்தத்தில் கட்டுண்டு வந்தவர்களைக் குறித்த பெயர் அது. கடன் தீரும்வரை, காலம் முடியும்வரை தோட்டத்தை விட்டு நீங்க முடியாத நிலை. இந்த ஒப்பந்த முறை 1910இல் நிறுத்தப்பட்டது. கேமரன் மலையிலோ அப்போது தேயிலைத் தோட்டமே இல்லை. எனவே சஞ்சியில் கட்டுண்டு இம்மலைக்கு வேலைக்கு வந்தவர் ஒருவரும் இருந்திருக்க முடியாது. ஆயினும் சஞ்சிக்கூலி என்ற சொல்லை மலேசியத் தமிழர் மறந்துவிடவில்லை. ஒரு வழக்கம் ஒழிந்த பிறகும் அதன் பெயர், அவ்வழக்கம் ஒருபோதும் நடவாத மலைமீதும் மக்களோடு ஏறிச் செல்கிறது. பட்ட துன்பத்தைப் பாட்டி மறந்தாலும் பாட்டியின் சொல் மறப்பதில்லை.

இறுதியாகத் தேயிலைச் செடியருகே வருவோம். 'கொழுந்து கிள்ளுதல்' என்கிறோம். இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்பது நல்ல கொழுந்தின் இலக்கணம். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து செய்யும் வேலை கிள்ளுதல். இன்று கேமரன் மலைச் சரிவுகளில், பை பொருத்திய கத்தரியையும் இருவர் இருபுறம் பிடித்துச் செல்லும் இயந்திரத்தையும் காண்கிறோம். விரல் செய்த வேலையைக் கத்தி செய்கிறது. அந்தக் கருவியைப் பிடித்திருப்போரில் பலர் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். தமிழ்ப் பிள்ளைகள் படித்து ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சென்றுவிட்டார்கள். அது வருந்தத்தக்கதன்று, பெற்றோர் கூடை சுமந்தது பிள்ளைகள் அதைச் சுமக்காதிருக்கவே. ஆனால் கிள்ளுதல் என்ற சொல் யாருடைய விரலை நினைத்துப் பிறந்தது என்பதை அப்பிள்ளைகளுக்கு யார் சொல்வார்?

சொற்கள் ஏன் பொருளைவிட நீண்டு வாழ்கின்றன என்ற கேள்விக்கு இப்போது விடை காணலாம். சொல் முதலில் ஒரு பண்டத்தைப் பற்றிக்கொண்டு பிறக்கிறது. நாளடைவில் அந்தப் பண்டத்தின் பயனைப் பற்றிக்கொள்கிறது. விளக்கின் பயன் வெளிச்சம். வெள்ளியின் பயன் விலை. கட்டையின் பயன் தொலைவு. பயன் இருக்கும்வரை, பண்டம் மாறினாலும் சொல் மாற வேண்டிய தேவை எழுவதில்லை. தொலைபேசியில் சுழலும் வட்டம் மறைந்த பின்னும் எண்ணைச் சுழற்றினான் என்று கதைகளில் எழுதியது இவ்வாறே. மேலும், குழந்தை சொல்லைத் தாயிடம் கற்கிறது. தாய் எந்தப் பண்டத்தைக் கண்டு அதைக் கற்றாள் என்று கேட்பதில்லை.

கேட்காமல் விடுவதில்தான் இழப்பு இருக்கிறது. தோட்டத்து அலுவலகத்தில் ஏடுகள் இருந்தன. அவற்றைக் கிராணி எழுதினார். அவை எத்தனை பேர் வந்தனர், எத்தனை ராத்தல் எடுத்தனர் என்பதைக் கூறும். வரிசையில் நின்றவர்களின் உள்ளத்தைக் கூறா. எழுதப் படிக்க வாய்ப்பில்லாத அம்மக்கள் நமக்கு விட்டுச் சென்ற ஏடு அவர்களுடைய பேச்சுதான். பெரட்டு, தலைக்காசு, சஞ்சி ஆகிய மூன்று சொற்களை விளக்கத்தோடு அறிந்தவர், மலாயாத் தமிழர் வரலாற்றின் மூன்று இயல்களை அறிந்தவராவார். விளக்கம் தெரியாதவருக்கு அவை வெறும் ஓசை.

அடிமைக் காலத்துச் சொற்களை இன்னும் ஏன் வைத்திருக்க வேண்டும், அகற்றிவிடலாமே என்று சிலர் வினவலாம். ஒருவரைத் துரை என்று விளிப்பதை விட்டுவிடுவது நன்றே. விளிப்பதை விடலாம், விளித்தோம் என்பதை மறக்கலாகாது. தழும்பை மறைப்பதால் காயம் இல்லாமற் போய்விடுவதில்லை.

தமிழில் 'பொருள்' என்ற ஒரே சொல், கையில் பிடிக்கும் பண்டத்துக்கும் பெயர். சொல்லின் கருத்துக்கும் பெயர். எண்ணெய் விளக்கும் மைற்கல்லும் வெள்ளி நாணயமுமாகிய பொருள்கள் போகலாம். அவற்றைச் சொன்ன சொற்களின் பொருள் போகாமல் காப்பது நம் கையில் இருக்கிறது. அதற்குப் பெரிய கல்வி தேவையில்லை. ஒரு குறிப்பேடு போதும். உங்கள் வீட்டு முதியவர் பேசும்போது புரியாத ஒரு சொல் காதில் விழுந்தால், அது என்ன தாத்தா, அதை எங்கே கேட்டீர்கள், அப்போது அங்கே என்ன நடந்தது என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். விடையை ஆண்டோடும் இடத்தோடும் எழுதி வையுங்கள். விளக்கு வைக்கிற நேரம் அதற்கு மிகவும் ஏற்றது.